மருந்துச் சீட்டும் ஆக்கவுரிமைக் கெடுவும்

நவீன சமுதாயத்தில் மருந்துகள் இரு வகையாகப் பிரிந்து நிற்கின்றன. வைத்தியர் எழுதிக்கொடுக்கும் சீட்டைக் காட்டினாலன்றிக் கைக்கு வராதவை ஒரு வகை. காசைக் கொடுத்து எவரும் கடைத் தட்டிலிருந்து எடுத்துச் செல்லத்தக்கவை மற்றொரு வகை. முன்னவற்றைச் சீட்டு மருந்துகள் என்றும், பின்னவற்றைக் கடை மருந்துகள் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். இப்பிரிவினை விஞ்ஞானம் வகுத்த எல்லையென்று பொதுமக்கள் கருதுவது இயல்பே. அக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், சீட்டு மருந்தாயிருந்த ஒன்று அவ்வெல்லையைக் கடந்து கடை மருந்தாக மாறும் வேளைகளைக் கூர்ந்து நோக்குவோர்க்கு வேறோர் உண்மையும் புலப்படும். மருந்து மாறவில்லை, அதனை உட்கொள்ளும் மனித உடலும் மாறவில்லை. அவ்வாறாயின், நேற்றுவரை வைத்தியரின் துணையின்றித் தொடலாகாது என்று காக்கப்பட்ட பொருள் இன்று சவர்க்காரத்தோடும் பற்பசையோடும் ஒரே தட்டில் வைக்கப்படுவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை காண, ஐக்கிய அமெரிக்காவின் மருந்து வரலாற்றைப் பரிசீலித்தல் பயனுடைத்து. இம்மாற்றம் ஒரு வியாபார உபாயமாக முழு வளர்ச்சி பெற்றமையை அங்கே தெளிவாகக் காணலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கச் சட்டத்தில் இத்தகைய எல்லை இருக்கவில்லை. போதையூட்டும் சில பொருள்களை நீக்கினால், ஏனைய மருந்துகளை எவரும் கடையில் கேட்டு வாங்கலாம் என்பதே நிலை. 1937 ஆம் ஆண்டு நிகழ்ந்த பேரவலம் ஒன்றே சட்டத்தை அசைத்தது. கிருமித் தொற்றுக்குச் சிறந்த மருந்தென அக்காலத்திற் போற்றப்பட்ட சல்பனிலமைட்டை மசென்கில் என்ற கம்பனி இனிப்பான திரவமாக்கி விற்றது. மருந்தைக் கரைப்பதற்கு அது பயன்படுத்திய டையெதிலீன் கிளைக்கோல் கொடிய நஞ்சாகும். விற்பனைக்கு முன்னர் நச்சுத்தன்மையைச் சோதிக்கவேண்டுமென எச்சட்டமும் கட்டளையிடவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் சிறுவர். அரசாங்கம் அக்கம்பனிமீது சுமத்தக்கூடியதாயிருந்த குற்றமோ, மதுசாரம் கலவாத திரவத்துக்கு ‘எலிக்சிர்’ எனப் பெயரிட்டமை மாத்திரமே. மக்களின் கொதிப்பு 1938 ஆம் ஆண்டின் உணவு, மருந்து, அழகுசாதனச் சட்டத்தைப் பிறப்பித்தது. புதிய மருந்து எதுவும் பாதுகாப்பானதென நிறுவப்பட்ட பின்னரே சந்தைக்கு வரவேண்டும் என்ற விதி அப்பொழுதுதான் தோன்றிற்று.

ஆனால் அச்சட்டத்தின் கீழும், எந்த மருந்துக்குச் சீட்டு வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்று தீர்மானிக்கும் பொறுப்பு நடைமுறையில் தயாரிப்பாளரிடமே தங்கியது. சீசாவின்மீது பாமரர் விளங்கத்தக்க உபயோகக் குறிப்பு ஒட்டப்படல் வேண்டும். வைத்தியரின் சீட்டுக்கே விற்கப்படும் எனக் குறித்தால் அது வேண்டியதில்லை என்று ஒழுங்குவிதி அமைந்தது. விளைவு, ஒரே மருந்தை ஒரு கம்பனி சீட்டு மருந்தாகவும், மற்றொரு கம்பனி கடை மருந்தாகவும் விற்ற விநோதமாகும். இக்குழப்பத்தைத் தீர்க்க 1951 ஆம் ஆண்டு ஒரு திருத்தச் சட்டம் நிறைவேறியது. அதனைக் கொண்டுவந்த பிரதிநிதி கார்ல் டேரம், செனற்றர் ஹியூபேட் ஹம்பிறி ஆகிய இருவருமே முன்னர் மருந்துக் கடையில் தொழில் புரிந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்தும், வைத்தியரின் மேற்பார்வையின்றி உட்கொண்டால் தீங்கு விளைக்கக்கூடிய மருந்தும் சீட்டு மருந்துகள். ஏனையவை கடை மருந்துகள் என்ற கொள்கை சட்டத்தில் இடம்பெற்றது. அளவுகோல் ஒன்றே: பாமரனின் பாதுகாப்பு. சட்டத்தின் எழுத்தில் இலாபத்துக்கு இடமில்லை. அவ்வெழுத்துக்குப் புறத்தே நின்று இலாபம் எவ்வாறு உள்ளே புகுந்தது என்பதே நாம் காணவேண்டியது.

மருந்துக் கம்பனியின் செல்வம் ஆக்கவுரிமையில் தங்கியுள்ளது. புதிய மருந்தைக் கண்ட கம்பனிக்குக் குறித்த ஒரு காலத்துக்கு அதனை விற்கும் ஏகபோகத்தைச் சட்டம் வழங்குகிறது. அக்கெடு முடிந்ததும் ஏனையோரும் அதே மருந்தை அதன் பொதுப்பெயரில் மலிவாக விற்கலாம். 1984 ஆம் ஆண்டு அமெரிக்க காங்கிரஸ் இயற்றிய ஹற்ச்-வக்ஸ்மன் சட்டம் இவ்வழியை அகலத் திறந்தது. பொதுப்பெயர் மருந்தைத் தயாரிப்போர் பெருஞ்செலவில் பழைய பரிசோதனைகளைத் திரும்பச் செய்யத் தேவையில்லை; தமது மாத்திரை மூல மாத்திரைக்கு உடலில் ஒப்பானது என்று காட்டினாற் போதும் என்றாயிற்று. அன்று முதல், ஆக்கவுரிமைக் கெடு முடியும் நாள் பெருங்கம்பனிகளுக்குத் துக்கதினமாயிற்று. எனினும் அதே சட்டம் அவர்களுக்கும் சில சலுகைகளை அளித்தது. ஆக்கவுரிமையின் காலத்தை ஓரளவு நீட்டலாம். சீட்டு மருந்தைக் கடை மருந்தாக்குவதற்குப் புதிய பரிசோதனை நடத்தியிருந்தால், மேலும் மூன்று ஆண்டுக்குத் தனியுரிமையும் பெறலாம்.

இங்கே பிறந்ததுதான் நாம் பேசும் உபாயம். சீட்டு மருந்தாக வாழ்ந்த காலத்தில் கம்பனி தேடிய பெருஞ்சொத்து, மருந்தின் வியாபாரப் பெயராகும். வைத்தியர்கள் அதனை இலட்சக்கணக்கான சீட்டுகளில் எழுதி மக்கள் மனத்திற் பதித்திருப்பர். ஆக்கவுரிமை போனாலும் பெயர் போகாது. ஆதலின், ஏகபோகம் முடியும் தறுவாயில் மருந்தைக் கடைத் தட்டுக்கு இறக்கினால், வைத்தியர் தேடிக்கொடுத்த நம்பிக்கையை நுகர்வோரிடம் நேரடியாக விற்கலாம். மேலும், சீட்டு மருந்தின் விளம்பரத்தை உணவு மருந்து நிருவாகம் கண்காணிக்கிறது. கடை மருந்தின் விளம்பரமோ, ஏனைய வாணிபப் பண்டங்களின் விளம்பரம் போன்று, வர்த்தக ஆணைக்குழுவின் மேற்பார்வைக்கு உட்பட்டது. பாதகங்களை விரித்துரைக்கும் கடப்பாடு அங்கே குறைவு.

இதன் முன்னோடிகளைச் சற்றுக் காண்போம். இன்று உலகறிந்த ரைலனோல் 1955 ஆம் ஆண்டு சிறுவர்க்கான சீட்டு மருந்தாகவே தோன்றியது. அதனைத் தயாரித்த மக்னீல் கம்பனியை ஜோன்சன் அன்ட் ஜோன்சன் 1959 இல் வாங்கியது; மறு ஆண்டே சீட்டு நீங்கிற்று. பிரித்தானியாவின் பூட்ஸ் கம்பனி கண்டுபிடித்த ஐபுபுறோபன், 1969 இல் அந்நாட்டிலும் 1974 இல் அமெரிக்காவிலும் சீட்டு மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1983 இல் பிரித்தானியாவிலும் 1984 இல் அமெரிக்காவிலும் அதன் 200 மில்லிகிராம் மாத்திரைக்குச் சீட்டு நீக்கப்பட்டது. அமெரிக்காவில் அதன் ஆக்கவுரிமை 1985 இல் முடிய இருந்தது. ஐபுபுறோபன் கடைக்கு வருவதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர் யார் என்று நோக்கின் வியப்புண்டாகும். தானும் ஒரு காலத்தில் சீட்டு நீங்கப்பெற்ற ரைலனோலின் கம்பனியே அது! போட்டியாளனின் மாத்திரை வரும்பொழுது மாத்திரம் மக்களின் பாதுகாப்பு நினைவுக்கு வந்தது போலும்.

அடுத்தது டகமெற். ஜேம்ஸ் பிளக் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சியிற் பிறந்த சிமெற்றிடின் 1976 இல் பிரித்தானியாவிலும் 1977 இல் அமெரிக்காவிலும் இப்பெயரில் விற்பனைக்கு வந்தது. இரைப்பைப் புண்ணினால் வருந்தியோர் பலரைச் சத்திரசிகிச்சையினின்று காத்த அருமருந்து அது. பிளக் 1988 இல் நோபல் பரிசு பெற்றார். அமெரிக்காவில் அதன் ஆக்கவுரிமை 1994 மே மாதத்தில் முடிந்தது. அதே ஆண்டு பெப்ருவரியில், இரைப்பைப் புண்ணுக்குப் பெருங்காரணம் ஒரு பக்டீரியா என்பதையும், அதனை நுண்ணுயிர்க் கொல்லி மருந்தால் ஒழிக்கவேண்டும் என்பதையும் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு ஏற்றுக்கொண்டது. ஒருபுறம் ஏகபோகம் கழிந்தது. மறுபுறம் நோயே குணப்படுத்தத்தக்கதாயிற்று. 1995 ஜூனில் டகமெற் குறைந்த அளவு மாத்திரையாகக் கடைத் தட்டில் ஏறியது. புண்ணுக்காக அன்று, சாதாரண நெஞ்செரிவுக்காக. அதே ஆண்டிலேயே போட்டி மருந்துகளான பெப்சிட்டும் சன்ராக்கும் சீட்டு நீங்கப்பெற்றன. புண் சிலருக்கே வரும். நெஞ்செரிவு உண்பவர் எவருக்கும் வரும். சந்தை எவ்வளவு விரிந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வுபாயத்தின் உட்பொருளை ஐயத்துக்கிடமின்றி வெளிப்படுத்துவது கிளரிற்றின் வரலாறாகும். மகரந்தமும் தூசும் உண்டாக்கும் ஒவ்வாமைத் தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் உதவும் லோராற்றடின் என்ற மருந்தை ஷெறிங்-பிளவ் கம்பனி இப்பெயரில் விற்றது. அமெரிக்காவில் 1993 ஏப்பிரலில் அதற்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பிருந்த ஒவ்வாமை மருந்துகள் கடும் உறக்கத்தைக் கொடுப்பவை. இதுவோ பெரும்பாலும் உறக்கந் தராதது. 1997 இல் உணவு மருந்து நிருவாகம் தொலைக்காட்சி விளம்பர விதிகளைத் தளர்த்தியதும், நீல வானமும் பசும்புல்லும் கொண்ட கிளரிற்றின் விளம்பரங்கள் வீட்டுக்கு வீடு புகுந்தன. 2000 ஆம் ஆண்டில் இவ்வொரு மருந்தின் விற்பனை ஏறத்தாழ 300 கோடி டொலர். கம்பனியின் மொத்த விற்பனையில் மூன்றிலொரு பங்கு அளவினது அது.

1998 ஆம் ஆண்டு எதிர்பாராத ஒரு விண்ணப்பம் உணவு மருந்து நிருவாகத்தை எட்டியது. கலிபோர்னியாவின் புளூ குறொஸ் என்ற காப்புறுதி நிறுவனம், கிளரிற்றினையும் அதன் இனத்தைச் சேர்ந்த அலெக்றா, சேர்ற்றெக் ஆகியவற்றையும் கடை மருந்துகளாக்குமாறு கோரியது. அதன் வாதம் எளியது. உறக்கத்தை வருவித்து, வாகனம் ஓட்டுபவனுக்கு அபாயம் விளைக்கும் பழைய மருந்து சீட்டின்றிக் கிடைக்கிறது. அதனினும் பாதுகாப்பான புதிய மருந்துக்கோ சீட்டு வேண்டியிருக்கிறது. அயல்நாடான கனடாவில் லோராற்றடின் சீட்டின்றியே விற்கப்பட்டது. காப்புறுதி நிறுவனத்தின் நோக்கம் தருமம் அன்று. சீட்டு மருந்துக்கு அது பணம் செலுத்தவேண்டும். கடை மருந்துக்குச் செலுத்தத் தேவையில்லை. ஆயினும் சொன்னவர் யார் என்பதனால் சொல்லப்பட்ட நியாயம் பொய்யாகிவிடாது.

கம்பனிகள் எதிர்த்தன. ஒவ்வாமையை நோயாளி தானே இனங்காண இயலாது. ஆஸ்துமா போன்ற கடிய நோய்கள் கவனிக்கப்படாது போகலாம். வைத்தியரின் மேற்பார்வை இன்றியமையாதது என்று வாதிட்டன. 2001 மே மாதத்தில் கூடிய ஆலோசனைக் குழு மூன்று மருந்துகளும் சீட்டின்றி விற்கத்தக்க பாதுகாப்புடையவை எனப் பெரும்பான்மை வாக்கால் முடிவு கூறிற்று. எனினும், தயாரிப்பாளர் விரும்பாதவிடத்து அரசாங்கம் மருந்தைக் கடைக்குத் தள்ளலாமா என்ற சட்டச் சிக்கல் எழுப்பப்பட்டது. நிருவாகம் கட்டளை எதனையும் பிறப்பிக்கவில்லை.

இதற்கிடையில் கம்பனி வேறு அலுவல்களில் ஈடுபட்டிருந்தது. ஆக்கவுரிமையை மேலும் நீட்டுவதற்கு அது காங்கிரஸில் செய்த முயற்சி பலிக்கவில்லை. லோராற்றடின் உடலினுள் சென்றதும் டெஸ்லோராற்றடின் என்ற பொருளாக மாறுகிறது. அவ்விளை பொருளையே தனி மருந்தாக்கி, ‘கிளறினெக்ஸ்’ என்ற பெயரில் 2001 டிசம்பரில் அனுமதி பெற்றது. நோயாளிகளையும் வைத்தியர்களையும் பழைய சீட்டிலிருந்து புதிய சீட்டுக்கு நகர்த்துவதே திட்டம். அவ்வேற்பாடு முடிந்த சில மாதங்களில், 2002 மார்ச்சில், அதே கம்பனி கிளரிற்றினைக் கடை மருந்தாக்கத் தானே முன்வந்தது. அவ்வாண்டு நவம்பர் 27 ஆந் திகதி அனுமதி கிடைத்தது. ஆக்கவுரிமைக் கெடு முடிந்ததோ அதற்கு அடுத்த மாதம். பொதுப்பெயர் மருந்தைத் தடுப்பதற்கு அவ்விளை பொருளின் ஆக்கவுரிமையைக் காட்டித் தொடுத்த வழக்கும் 2003 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது.

2001 இல் சாமானியனால் இனங்காண முடியாதென்று சொல்லப்பட்ட தும்மலை 2002 இறுதியில் அவன் எங்ஙனம் இனங்காணக் கற்றுக்கொண்டான்? ஆஸ்துமா அந்தப் பதினெட்டு மாதங்களில் ஒழிந்துவிட்டதா?

இவ்வினாவின் கூர்மையை உணர, சமகாலத்தில் நிகழ்ந்த மற்றொன்றை அருகில் வைத்து நோக்கல் வேண்டும். கொலஸ்ரரோலைக் குறைக்கும் மெவக்கோர் என்ற மருந்தின் ஆக்கவுரிமை 2001 இல் முடிய இருந்தது. அதன் உடைமையாளரான மேர்க் கம்பனி 2000 ஆம் ஆண்டிலேயே சீட்டு நீக்கம் கோரி நிருவாகத்தின் முன் நின்றது. இரத்தப் பரிசோதனை செய்து தன் அளவை அறிந்து, ஏனைய நோய்களையும் உட்கொள்ளும் ஏனைய மருந்துகளையும் எண்ணிப் பார்த்து, ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கும் ஆற்றல் சாமானியனுக்கு உண்டு என்பது இதன் வாதம். ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே வேளையில், சாமானியனால் தும்மலைக்கூட அறிய முடியாதென்று ஒரு கம்பனியும், இரத்தத்திலுள்ள கொழுப்பையே அவன் ஆளலாமென்று மற்றொரு கம்பனியும் சத்தியம் செய்தன. முன்னதற்கு ஏகபோகத்தில் இன்னும் காலம் மிஞ்சியிருந்தது. பின்னதற்கு அது முடியும் தறுவாயில் இருந்தது. சாமானியனின் அறிவாற்றல் ஆக்கவுரிமையின் நாட்காட்டியோடு கூடியும் குறைந்தும் வந்த விந்தை இதுவாகும்.

மெவக்கோரின் கோரிக்கையை ஆலோசனைக் குழுக்கள் 2000, 2005, 2007 ஆகிய மூன்று தடவையும் ஏற்க மறுத்தன. மருந்து தேவைப்படாதவர் பலர் அதனை வாங்க முற்பட்டதும், தேவைப்பட்டவர் தவிர்த்ததும் பரிசோதனைகளிற் புலப்பட்டன. பைசர் கம்பனி இதே இனத்தைச் சேர்ந்த லிபிற்றரைக் கடை மருந்தாக்க எடுத்த முயற்சியை, பாவனையாளர் தம் கொழுப்பின் அளவைச் சோதித்து அதற்கேற்ப நடக்கவில்லை என்ற காரணத்தால் 2015 இல் தானே கைவிட்டது. ஆகவே எல்லை முற்றாகப் பொய் என்று முடிவு கட்டுதல் தவறாகும். விஞ்ஞானமும் பொதுநல நோக்குங் கொண்டோர் காவல் நின்றவிடத்து எல்லை நிலைத்தது. ஆனால் அக்காவலரின் முன் எந்த மருந்து, எந்த நாளில் கொண்டுவரப்படும் என்பதைத் தெரிவு செய்தவர் உடைமையாளரே.

கிளரிற்றின் காட்டிய பாதை விரைவில் வழமையாயிற்று. அசிட் சுரப்பைக் குறைக்கும் பிறைலோசெக் என்ற மருந்தின் மூலக்கூறு, ஆடியில் தெரியும் பிம்பம்போல ஒன்றுக்கொன்று எதிரான இரு வடிவங்களின் கலவை. அவற்றுள் ஒன்றை மாத்திரம் பிரித்து ‘நெக்சியம்’ என்ற புதிய சீட்டு மருந்தாக 2001 இல் விற்கத் தொடங்கிய அஸ்ராசெனெக்கா, பழையதை 2003 இல் கடை மருந்தாக்கியது. அதனை விற்றுக் கொடுத்த பங்காளி சவர்க்காரத்துக்கும் சலவைத் தூளுக்கும் பேர்போன புறொக்ரர் அன்ட் காம்பிள் கம்பனி. மூன்றாண்டுத் தனியுரிமையும் கிடைத்தது. சேர்ற்றெக் 2007 இலும் அலெக்றா 2011 இலும் சீட்டு நீங்கப்பெற்றன. 1998 இல் கேட்கப்பட்டது பதின்மூன்று ஆண்டுகளில், கம்பனிகளின் வசதிப்படி, ஒவ்வொன்றாக நிறைவேறிற்று.

சீட்டு நீக்கத்தால் மக்களுக்கு நன்மையே இல்லை என்று எவரும் சொல்லார். காப்புறுதியில்லாத தொழிலாளி ஒருவன் ஒரு மாத்திரைக்காக அரைநாட் கூலியை இழந்து, வைத்தியருக்கும் கட்டணம் செலுத்தவேண்டியிருந்த நிலை மாறியது. பொதுப்பெயர் லோராற்றடின் மிக மலிவாகவும் கிடைத்தது. ஆனால் காப்புறுதி பெற்றவனின் கணக்கு வேறு. கிளரிற்றின் கடைக்கு வந்ததும் காப்புறுதி நிறுவனங்கள் அதற்குப் பணம் செலுத்துவதை நிறுத்தின. சீட்டில் நின்ற ஏனைய ஒவ்வாமை மருந்துகளுக்கும் நோயாளியின் பங்கைப் பல நிறுவனங்கள் உயர்த்தின. மருந்தின் விலை குறைந்தும், அதற்குமுன் சிறு தொகையே கொடுத்துவந்த பலரின் கையிலிருந்து சென்ற பணம் கூடிற்று. கம்பனியும் காப்புறுதியும் எதிரெதிரே நின்று பொருதபொழுதும், செலவு வந்து தங்கிய இடம் நோயாளியின் சட்டைப்பையே.

இனி, எவருடைய இலாபத்தின் நாட்காட்டியும் விரைவுபடுத்தாத மருந்துகளுக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். நோர்ஜெஸ்ற்றெல் என்ற கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்காவில் 1973 இல் அனுமதி கிடைத்தது. பாதுகாப்பில் நீண்ட அனுபவம் பெற்ற மருந்து அது. கருத்தடை மாத்திரைகளுக்குச் சீட்டு வேண்டியதில்லை என்ற கருத்தை அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் கல்லூரி 2012 இல் வெளியிட்டது. ஆனால் மருந்தின் உடைமையாளரே விண்ணப்பிக்கவேண்டும். விண்ணப்பத்துக்குப் பரிசோதனைச் செலவுண்டு. பழைய மலிவான மாத்திரையில் அச்செலவை மீட்கும் ஆவல் பெருங்கம்பனிகளுக்கு இருக்கவில்லை. சிறியதொரு கம்பனி உரிமையைப் பெற்று 2022 இல் விண்ணப்பித்தது. ஆலோசனைக் குழு ஒருமுகமாக ஆதரித்தது. 2023 ஜூலையில் அனுமதி வழங்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் சென்றன. வைத்தியரிடம் செல்ல வழியற்ற ஏழைப் பெண்களும் இளம் பெண்களும் அவ்வைம்பது ஆண்டுகளில் செலுத்திய விலையை எந்தக் கம்பனியின் ஐந்தொகையிலும் காணமுடியாது.

நலொக்சோன் இன்னுமொரு சான்று. அபின் வகைப் போதைப்பொருளை மிகையாக உட்கொண்டு மூச்சடங்குபவனை நிமிடங்களில் மீட்கும் மருந்து அது. 1971 இல் அனுமதி பெற்றது. மாள்பவனுக்கு அருகில் நிற்பவனிடம் அது இருந்தாலன்றிப் பயனில்லை. எந்தக் கம்பனியும் முன்வராத நிலையில், உணவு மருந்து நிருவாகம் தானே கடை மருந்துக்குரிய குறிப்புச் சீட்டைத் தயாரித்து, பொதுமக்களால் அதனை விளங்கிக்கொள்ள முடிகிறதா என்று சோதித்து, 2019 ஜனவரியில் வெளியிட்டது. அதுவரை அது செய்யாத காரியம் அது. அதன் பின்னரும் விண்ணப்பம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. 2023 மார்ச்சில்தான் மூக்கிற் பீச்சும் நலொக்சோனுக்குச் சீட்டு நீங்கியது. அவ்விடைவெளியில் அந்நாட்டில் போதைப்பொருள் மிகையினால் இறந்தோரின் தொகை ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இரு வேளை மருந்து அடங்கிய பெட்டி ஏறத்தாழ 45 டொலருக்குக் கடைக்கு வந்தது. வீதியோரத்தில் மாள்பவனின் தோழனுக்கு அத்தொகை சிறிதன்று.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? 1951 இல் சட்டம் நிறுவிய அளவுகோல் நல்லது. அதில் குறை சொல்ல இடமில்லை. அவ்வளவுகோலை எடுத்து அளக்கும் தருணத்தைத் தெரிவு செய்யும் அதிகாரம் உடைமையாளரிடம் விடப்பட்டமையே குறை. பாதுகாப்பு என்ற சொல்லை ஏகபோகம் நீடிக்கையில் வாயிற்காவலனாகவும், ஏகபோகம் முடிகையில் வரவேற்பாளனாகவும் அவர்கள் பயன்படுத்திக்கொண்டனர். நலொக்சோன் விடயத்தில் அரசாங்க நிறுவனம் ஒன்று தானே முயன்று குறிப்புச் சீட்டை எழுதியது. அச்சிறிய செயல் மாற்று வழி ஒன்றைக் காட்டுகிறது. எந்த மருந்து மக்களுக்கு எளிதிற் கிடைக்கவேண்டும், எது வைத்தியரின் கையில் நிற்கவேண்டும் என்ற கேள்வியை, பொதுப் பணத்தில் நடத்தப்படும் ஆராய்ச்சியைக் கொண்டு, பொது நிறுவனங்களே காலந்தோறும் எழுப்பி விடை காணலாம். அவ்விடை சில மருந்துகளைக் கடைக்கு அனுப்பும். சிலவற்றைத் தடுத்து நிறுத்தும். அதனோடு, கடைக்கு வந்த மருந்தின் செலவு நோயாளியின் தலைமேல் விழாமற் காக்கும் ஏற்பாடும் சேரவேண்டும். அதுவரையில், ஒரு மருந்துக்குச் சீட்டு நீங்கிற்று என்ற செய்தியை வாசிக்கும்பொழுதெல்லாம், அதன் ஆக்கவுரிமை எந்த ஆண்டில் முடிகிறது என்பதையும் வாசகர் உடன் விசாரித்தல் நன்று.